பச்சைக் கரைக் காகிதம்

ஸ்டுட்கார்ட்
8 ஏப்ரல் 1973

அன்புள்ள ஸஃபியா அக்காவுக்கு,

தங்கை சும்ரா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் சால்கோவும் மினெலாவும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடத்தை நிறுத்திவிடாதே.

மினெலாவுக்கு ஜூனில் கல்யாணம் முடிவாகிவிட்டது. பையன் நம் பக்கத்து ஆள்தான், இங்கே கார் பட்டறையில் வேலை. பெண்ணை அனுப்பிவிட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும். அதை நினைக்கும்போது இன்னொன்றும் கூடவே வருகிறது. எழுதலாமா கூடாதா என்று மூன்று வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நெதிமுக்கு மார்ச்சில் இருபது முடிந்தது. நாற்பது நாள் குழந்தையாக அவனை உன் மடியில் வைத்து, "இனிமே இவன் உன் பிள்ளை, நான் சித்தி" என்று சொன்னவள் நான்தான். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உனக்குப் பிள்ளை இல்லை, எனக்கு மினெலா இருந்தாள், அவ்வளவுதான். இருபது வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. மினெலாவுக்குக்கூடத் தெரியாது. ஆனால் இந்த வருஷக் கடைசியில் அவன் ராணுவத்துக்குப் போகிறான். அதற்கு முன்னால் அவனுக்குத் தெரிய வேண்டும் அக்கா. ஆகஸ்ட் விடுமுறைக்கு வருகிறேன். பழைய பாலத்துக்கு அழைத்துப் போய் நானே சொல்லிவிடுகிறேன்.

அவனுடைய படம் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடச் சட்டையோடு எடுத்தது. இப்போது எப்படி இருக்கிறான் என்று பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஒரு படம் அனுப்பச் சொல்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
சும்ரா

*

மொஸ்தார்
29 ஏப்ரல் 1973

அன்புத் தங்கை சும்ராவுக்கு,

அக்காவின் சலாம். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். என் முழங்கால் அப்படியே இருக்கிறது. மினெலாவின் கல்யாணச் செய்தி கேட்டுச் சந்தோஷம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். நெதிம் பட்டறையிலிருந்து வந்ததும் கேட்டான். "சித்தி லெட்டரா? என்ன எழுதியிருக்காங்க? இந்தத் தடவையும் காலுறைதான் அனுப்பறாங்களா? எனக்கு இன்னும் பன்னெண்டு வயசுன்னே நெனச்சிட்டிருக்காங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெண்களுக்கு நடத்திய எழுத்துப் பள்ளியில் ஒரே ஒரு குளிர்காலம் படித்தவள் நான். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. சொல்லாதே சும்ரா. அவன் அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் என்னை அம்மா என்று கூப்பிட அவன் ஒருவன்தான். நாளைக்கு அவன் அப்படிக் கூப்பிடும்போது ஒரு நொடி யோசித்துவிட்டுக் கூப்பிட்டால் என்னால் தாங்க முடியாது.

படம் அனுப்பச் சொல்கிறேன்.

உன் அக்கா
ஸஃபியா

*

ஸ்டுட்கார்ட்
20 மே 1973

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். நாங்கள் நலம். நீயும் நெதிமும் நலமா?

நான் அவனை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போக வரவில்லை. எங்கே கொண்டுபோய் வைப்பேன், இந்த இரண்டு அறையிலா? அவன் உன்னோடுதான் இருப்பான். எனக்கு வேண்டியது அவனுக்குத் தெரிவது மட்டும்தான். நீ யோசிக்கிறாயே, அவன் ஒரு நொடி நின்று கூப்பிடுவான் என்று. எனக்கு அந்த ஒரு நொடிகூடக் கிடைத்ததில்லை.

தொழிற்சாலையில் என் பக்கத்து மேசைக்காரி கேட்டாள், "உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று. "ஒண்ணு" என்றேன். அன்றைக்கு முழுக்க எந்தத் திருகாணியையும் நேராகப் போட முடியவில்லை.

அக்கா, நீயே ஒரு முடிவு சொல். ஆனால் முடியாது என்று மட்டும் சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

சும்ரா

*

மொஸ்தார்
17 ஜூன் 1973

அன்புத் தங்கை சும்ராவுக்கு,

அக்காவின் சலாம். மினெலா கல்யாணத்துக்கு நாங்கள் வர முடியவில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஒரு மேசை விரிப்பு பின்னி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

நீ சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன். கேட்பது என்றால் அவன் என் வாயால் கேட்கட்டும். நீ வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நீ வந்து பாலத்தில் அவனோடு நில்.

படம் கேட்டாய் என்று சொன்னேன். "சும்மா விறைப்பா நின்னு எடுத்தா என்ன இருக்கு? நல்ல படமா அனுப்பறேன்னு எழுது" என்றான். என்ன யோசனை வைத்திருக்கிறானோ. ராணுவத்துக்குப் போவதற்குள் பாலத்திலிருந்து ஆற்றில் ஒரு தடவையாவது குதிக்க வேண்டுமாம். குதிக்காமல் போனால் பாசறையில், "மொஸ்தார்க்காரனா நீ, இல்ல பொய் சொல்றியா?" என்று கேலி பண்ணுவார்களாம். நான் வேண்டாம் என்றேன். எல்லா அம்மாவும் வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். எல்லோர் பிள்ளையும் குதிக்கத்தான் செய்கிறார்கள்.

உன் அக்கா
ஸஃபியா

*

மொஸ்தார்
22 ஜூலை 1973

அன்புத் தங்கை சும்ராவுக்கு,

அக்காவின் சலாம். நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

இங்கே வெயில் அதிகம். அத்தி இந்த வருஷம் சீக்கிரமே பழுத்துவிட்டது. பறிக்க ஆள் இல்லாமல் கீழே விழுந்து கிடக்கிறது, குளவி மொய்க்கிறது. முழங்கால் வலியே தெரியவில்லை.

வேறு ஒன்றும் இல்லை.

ஸஃபியா

*

ஸ்டுட்கார்ட்
12 ஆகஸ்ட் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். உன் கடிதம் வந்தது. ஐந்து வரி. முழங்கால் தேவலை என்று படித்து நிம்மதி. ஆனால் நெதிம் பெயரே அதில் இல்லையே. சொல்லிவிட்டாயா? அவன் கோபமாக இருக்கிறானா? கோபித்தால் கோபிக்கட்டும், அது அவன் உரிமை. என்னைத் திட்டியாவது நாலு வரி எழுதச் சொல்.

இங்கே சால்கோ ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடக்கிறார். கட்டுப் பிரிக்க இரண்டு மாதம் ஆகுமாம். என்னால் இப்போது வர முடியாது. மினெலாவும் மாப்பிள்ளையும் செப்டம்பர் முதல் வாரம் கடற்கரைக்குப் போகிறார்கள். வழியில் மொஸ்தாரில் இறங்கிப் பாலத்தைப் பார்த்துவிட்டு, உன் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு எதுவும் தெரியாது. நீயும் சொல்ல வேண்டாம். நெதிமைப் பார்த்துவிட்டு வந்து எப்படி இருக்கிறான் என்று எனக்குச் சொல்லட்டும், அது போதும்.

படம் இன்னும் வரவில்லை.

சும்ரா

*

மொஸ்தார்
26 ஆகஸ்ட் 1973

சும்ராவுக்கு,

சலாம். சால்கோவுக்குக் கால் குணமாகட்டும்.

மினெலாவை இப்போது அனுப்ப வேண்டாம். வீட்டில் வெள்ளையடிக்கிறோம், உட்கார இடம் இல்லை. பாலத்தைப் பார்க்க இது நல்ல நேரமும் இல்லை. ஒரே கூட்டம். நேராகக் கடலுக்குப் போகச் சொல். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

ஸஃபியா

*

துப்ரோவ்னிக்
6 செப்டம்பர் 1973

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் உடம்பும் அப்பா காலும் எப்படி இருக்கிறது? நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். அம்மா, இதை உட்கார்ந்து படி. அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

நேற்று மொஸ்தாரில் இறங்கினோம். பாலம் நீ சொன்ன மாதிரியே இருக்கிறது, வெள்ளைக் கல், நடுவில் முதுகு தூக்கிக்கொண்டு. ஏறுகிற இடத்துச் சுவரில் வழக்கம்போல இறப்பு அறிவிப்புகள் ஒட்டியிருந்தார்கள். நான் பார்க்காமல்தான் போயிருப்பேன். அவர்தான், "உங்க பெரியம்மா வீட்டுப் பேரு மாதிரி இருக்கே" என்றார். பச்சைக் கரை போட்ட காகிதம். அதில் நெதிம் படம்.

ஜூலை எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அம்மா, நம் நெதிம் போய்விட்டான். நாற்பதாம் நாள் ஓதலுக்கு ஒட்டிய காகிதம் அது. ஓதலும் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நமக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்துவிட்டது. சன்னல் திரை அசைந்த மாதிரி இருந்தது. யாரும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "பாலத்துலேருந்து குதிச்சான்மா, மேல வரல. அவ இப்ப யாருக்கும் தெறக்கறதில்ல. கடைக்கும் அந்தப் பாலம் வழியா போறதில்ல, சுத்திக்கிட்டுத்தான் போறா" என்றாள்.

இன்னொன்று. அச்சுக்காரன் என்ன கண்ணை மூடிக்கொண்டு அடித்தானோ தெரியவில்லை. துக்கப்படுகிறவர்கள் வரிசையில், "அம்மா சும்ரா, அம்மா ஸஃபியா" என்று போட்டிருக்கிறான். அதுவும் உன் பெயர் முதலில். செத்தவனுக்குச் செய்கிற மரியாதையா இது? போகிற வருகிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? எனக்கு மனசு கேட்கவில்லை. பேனாவை எடுத்து உன் பெயருக்கு முன்னால் இருந்த "அம்மா"வை நானே அடித்துவிட்டு "சித்தி" என்று எழுதிவிட்டு வந்தேன்.

அழாதே அம்மா. பதினைந்தாம் தேதி வந்துவிடுவேன்.

மினெலா

*

ஸ்டுட்கார்ட்
12 செப்டம்பர் 1973

ஸஃபியா,

மாவு டப்பாவில் ஒளித்து வைத்தாயா இதையும்? மினெலாவை அனுப்பாதே என்று நீ எழுதியது அவர்கள் கிளம்பிய பிறகுதான் வந்தது.

அத்திப்பழம் பழுத்தது என்று எழுதினாயே. அவன் போய்ப் பதினாலாவது நாள் எழுதிய கடிதம் அது. எண்ணிப் பார்த்தேன். நான் அதைப் படித்துவிட்டு அன்று இரண்டு கோப்பை காப்பி குடித்தேன். பாட்டுக்கூடக் கேட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சொன்னாயா அவனிடம்? சொல்லிவிட்டாயா, இல்லையா?

சும்ரா

*

மொஸ்தார்
23 செப்டம்பர் 1973

சும்ராவுக்கு,

சொன்னேன்.

ஜூலை எட்டாம் தேதி மத்தியானம் சொன்னேன். அவனுக்குப் பிடித்த மாதிரி உருளைக்கிழங்கு வைத்து மாவுச் சுருள் சுட்டிருந்தேன். மூன்றாவது துண்டைக் கையில் எடுத்தபோது சொன்னேன். அவன் மெல்லுவதை நிறுத்தினான். "அப்ப சித்தி, சித்தி இல்லையா?" என்றான். "இல்லடா, அவதான் உன்னைப் பெத்தவ" என்றேன். "நீ?" என்றான். "நான் எப்பவும் போலதான்" என்றேன். அந்தத் துண்டை முழுசாகத் தின்று முடித்தான். கை கழுவினான். எழுந்து போனான். எப்போதும் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போகிறவன், அன்றைக்குத் திறந்து போட்டுவிட்டுப் போனான். நான் அந்தத் திறந்த கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கதவு வழியாகத்தான் ஸெஃபோ வந்தான், அவனுடைய சிநேகிதன். கையில் நெதிமின் காலணி இரண்டும் இருந்தன. அவன் வாய் அசைகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காலணியை வாங்கிக்கொண்டு போய் அடுப்புப் பக்கத்தில் காயவைத்தேன். அது நனையவே இல்லை சும்ரா. குதிக்கும் முன் கழற்றி வைத்தது. அது காய்ந்து கிடக்கிறதே என்று தொட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

குதிக்கிறவர்கள் முதலில் படித்துறைக்கு இறங்கி ஆற்றுத் தண்ணீரை அள்ளி மேலே ஊற்றிக்கொள்வார்கள். உடம்பு குளிர்ந்த பிறகுதான் பாலத்தில் ஏறுவார்கள். நெரேத்வா ஜூலையிலும் கை மரத்துப்போகிற தண்ணீர் என்று உனக்குத் தெரியும். இந்தப் பேட்டையில் நாலு வயதுப் பையனுக்கும் தெரிந்த விஷயம். அவன் ஊற்றிக்கொள்ளவில்லை. வெயிலில் காய்ந்த உடம்போடு அப்படியே குதித்துவிட்டான். நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். நான் சொன்ன சொல்லைத் தலையில் சுமந்துகொண்டு போனதால்தான் மறந்துவிட்டான். வேறு எதனால் மறப்பான்?

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் சன்னலில் நின்றேன்.

மூன்றாம் நாள் தந்தி கொடுக்கத் தபால் ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெண் கேட்டாள், "யாருக்கும்மா?" "தங்கைக்கு." "என்னன்னு எழுதணும்?" "நெதிம் போயிட்டான்னு." அவள் பேனாவை வைத்துவிட்டு, "ஐயோ, நெதிம் யாரு, உங்க மகனா?" என்றாள். நான் வாயைத் திறந்தேன். ஆமாம் என்றால் இந்த நேரத்திலும் உன்னிடமிருந்து திருடுகிறேன். இல்லை என்றால் நான் யார்? பின்னால் நின்றவள், "சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்றாள். "அப்பறம் வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். உன் ஊரில் மொஸ்தார்க்காரர் யாரும் இல்லை என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. ஒரு நாள் தள்ளினேன். பிறகு ஒவ்வொரு நாளும் தள்ளினேன்.

முதல் அறிவிப்புக்கு அச்சுக்காரன் அந்தே, நெதிமின் அம்மா பெயர் என்ன என்று கேட்டான். என் பெயரைச் சொன்னேன். நாற்பது நாளும் அந்தக் காகிதம் என்னைத் தூங்கவிடவில்லை. நாற்பதாம் நாள் காகிதத்துக்குத் திரும்பப் போனேன். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் சீட்டைப் பார்த்தான்.

"அக்கா, இதுல அம்மான்னு ரெண்டு பேர் வருது. ஒண்ண எடுத்துடவா?"

"எடுக்காதே."

"ஒரு ஆளுக்கு ஒரு அம்மாதானே அக்கா? அந்தேக்குக் கண்ணு போச்சுன்னு ஊர்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ரெண்டும் இருக்கட்டும். சும்ரா முதல்ல."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. பாலத்துச் சுவரில் நானே ஒட்டினேன். நெதிம் போன பிறகு நான் அங்கே போனது அந்த ஒரு தடவைதான். உன்னிடம் சொல்ல முடியாததை ஊருக்கே சொன்னேன். இதில் என்ன நியாயம் என்று கேட்காதே, எனக்கும் தெரியவில்லை.

மினெலா வந்தபோது கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அவள் குரல் அவன் குரல் மாதிரியே இருந்தது. திறக்கக் கை வரவில்லை.

நீ என்ன செய்தாலும் சரி.

ஸஃபியா

*

ஸ்டுட்கார்ட்
18 நவம்பர் 1973

ஸஃபியா அக்காவுக்கு,

சலாம். உடம்பு எப்படி என்று கேட்க இன்னும் மனம் வரவில்லை. சலாம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை மொஸ்தார் வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. சந்து முனைவரைக்கும் வந்தேன். உன் புகைக்கூண்டில் புகை வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம், திரும்பிவிட்டேன். முதலில் கல்லறையில் இருக்கும் அவனிடம் போனேன், பிறகு பாலத்துக்கு.

மழை பெய்திருந்தது. கல் வழுக்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். காகிதம் பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. படம் வெளுத்துவிட்டது. என் பெயர் மட்டும் அழியாமல் இருந்தது, அதன் முன்னால் என் மகள் கையெழுத்தில் "சித்தி" என்று. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் அக்கா. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என்னை அவன் அம்மா என்று போட்டார்கள். அதையும் நான் பெற்ற பெண்ணே அடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஒருவன் ஓடி வந்து கையைப் பிடித்துத் தூக்கினான். "யாரும்மா நீங்க? நெதிமுக்கு என்ன வேணும்?" என்றான். நான் சொன்னேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன், "அவன் அம்மா" என்று. அவன் என்னையே பார்த்தான். "ஜெர்மனி அம்மாவா?" என்றான்.

அவன்தான் ஸெஃபோ. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ படிக்க வேண்டும்.

"அன்னிக்குச் சிரிச்சிக்கிட்டேதான் வந்தான்மா. படக்காரர் சாப்பிடக் கெளம்பிட்டாரு, இவன் அவர் பெட்டியப் புடிச்சி இழுத்து நிறுத்தினான். நான் சொன்னேன், டேய் கீழ போய்த் தண்ணி ஊத்திட்டு ஏறுடான்னு. 'அதுக்குள்ள இவர் போயிடுவாரு, ஜெர்மனில இருக்கற எங்கம்மா படம் கேட்டிருக்காங்க, குதிக்கறத அப்படியே எடுத்து அனுப்பணும்'னான். சித்தின்னு சொல்றதுக்குப் பதிலா ஒளர்றான்னு நான் கேலி பண்ணேன். 'போடா, எனக்கு ரெண்டு, உனக்கு ஒண்ணுதானே'ன்னுட்டு ஏறிட்டான்."

படம் ஸெஃபோவிடம்தான் இருந்தது. படக்காரர் கழுவிக் கொடுத்ததை உன்னிடம் தரத் தைரியம் வராமல் நாலு மாதம் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறான். இரண்டு படமாகப் போடச் சொல்லி வாங்கி வந்தேன். ஒன்று இதோடு இருக்கிறது. நன்றாகப் பார். கை இரண்டையும் விரித்திருக்கிறான். முகம் சின்னதாகத்தான் தெரிகிறது, ஆனால் வாய் திறந்திருக்கிறது. கோபமாகக் குதிக்கிறவன் முகம் இல்லை அது.

நீ சொன்னதால் அவன் போகவில்லை. படம் கேட்டது நான். ஏப்ரலில் கேட்டேன், ஆகஸ்டிலும் கேட்டேன். அவன் மண்ணுக்குள் இருக்கும்போது, படம் இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

மினெலாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து, "அந்தப் பேனாவைத் தூக்கிப் போட்டுட்டேம்மா" என்றாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். அறுபது நாள் நான் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு திரிந்தேன், அதை நீ எனக்குத் திருப்பித் தர முடியாது. ஆனால் ஜனவரியில் ஆறாம் மாதக் காகிதம் ஒட்ட வேண்டும். அந்தேயிடம் சொல்லி வை. அம்மா இரண்டும் இருக்கட்டும். உன் பெயர் முதலில். அவனுக்குச் சோறு போட்டவள் நீ.

ஒட்டுவதற்கு நான் வருகிறேன். பசையை நீ காய்ச்சி வை. இந்தத் தடவை தட்டினால் கதவைத் திற.

உன் தங்கை
சும்ரா